கிணற்றிலிருந்து இரவுக் கடலுக்கு: பிளாக்வாட்டர் டைவிங் பழக விரும்புவோருக்கு

தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி முற்றும் காலத்தில் பரணில் படுத்துக் காவல் இருந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது எளிதில் விளங்கும். யானைகள் பகலெல்லாம் காட்டுக்குள் நிற்கும். பொழுது சாய்ந்ததும் கொல்லைக்கு இறங்கும். கிழக்கு வெளுக்கும் முன் காட்டுக்குத் திரும்பிவிடும். வெளிச்சத்தில் ஆபத்து, இருட்டில் தீனி, கணக்கு அவ்வளவுதான்.

கடலிலும் ஒவ்வோர் இரவும் இதுவே நடக்கிறது. பகலில் 200 முதல் 1000 மீட்டர் ஆழத்தின் அரையிருட்டில் ஒளிந்திருக்கும் எண்ணற்ற சிற்றுயிர்கள் அந்தி சாய்ந்ததும் மேலே ஏறிவருகின்றன. மேல்நீரில் மேய்ந்துவிட்டு விடியுமுன் கீழே போய்விடுகின்றன. உலகிலேயே மிகப்பெரிய தினசரி இடப்பெயர்வு இதுதான். இரண்டாம் உலகப் போரின்போது ஒலியை அனுப்பி எதிரொலியால் ஆழத்தை அறியும் சோனார் கருவிகளில் கடலடித் தரைபோல ஒரு படலம் தெரிந்தது. பகலில் கீழே இருந்த அந்தத் 'தரை' இரவில் மேலே ஏறியது. அது தரையல்ல, உயிர்களின் கூட்டம் என்பது பிறகுதான் புரிந்தது.

அந்த உயிர்கள் மேலே வரும் நேரத்தில் கரையை விட்டு வெகுதூரம் படகில் போய், அடியே காணாத நீரில் விளக்கோடு இறங்கி அவற்றைப் பார்ப்பதற்குத்தான் பிளாக்வாட்டர் டைவிங் என்று பெயர். கடலே இல்லாத நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலிருந்து இதற்கு எப்படித் தயாராவது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். அவசரமில்லாமல் போனால் ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் போய்ச் சேரலாம். அதைவிட விரைவாகப் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

எதைப் பார்க்கப் போகிறோம்

இது தெரியாமல் போனால் ஏமாற்றமே மிஞ்சும். பூதம் போன்ற ஆழ்கடல் மீன்களை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நாம் காண்பவற்றில் பெரும்பாலானவை சுண்டுவிரல் நகத்திலிருந்து உள்ளங்கை அளவுக்குள் அடங்குபவை. கண்ணாடிபோல ஒளி ஊடுருவுபவை. விலாங்கு மீனின் குஞ்சு ஒளிபுகும் நாடாவாக நெளிந்து போகும். நுனியில் ஒரு பொட்டளவு தலை. தட்டைமீனின் குஞ்சுக்கு மற்ற மீன்களைப் போலவே இருபுறமும் கண் இருக்கும். வளர வளர ஒரு கண் மெல்ல மறுபக்கம் நகர்ந்துபோகும். சிங்கி இறாலின் குஞ்சு, கண்ணாடியில் வார்த்த சிலந்திபோல, ஜெல்லி மீனின் மேல் ஏறிச் சவாரி செய்யும். ஆமைபோலத் துடுப்படிக்கும் நத்தைகளும், ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோத்த ஜெல்லி உயிர்களும், தாள்போல மெல்லிய ஓட்டைத் தானே செய்துகொள்ளும் சிறு ஆக்டோபஸும் உண்டு. இவற்றில் சில ஆழத்திலிருந்து ஏறி வந்தவை. சில பவளப்பாறையிலோ மணலிலோ குடியேறும் முன் நடுக்கடலில் குஞ்சுப் பருவத்தைக் கழிப்பவை. ஒரே விளக்கின் முன் இரு வகையும் வந்து நிற்கும்.

ஏன் விளக்கின் முன் வருகின்றன? தக்காளித் தோட்டத்தில் விளக்குப்பொறி வைத்தவர்கள் இதைக் கேட்கமாட்டார்கள். முதல் மழைக்குப் பிறகு தெருவிளக்கை ஈசல் சூழ்வதுபோல மிகச் சிறிய உயிர்கள் ஒளியை நாடி வரும். அவற்றைத் தின்ன அடுத்தவை வரும். அவற்றின் பின்னால் கணவாய் வரும்.

கிணற்று நீச்சல்: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது

எங்கள் ஊரில் நீச்சல் என்றால் கிணறுதான். முதுகில் சுரைக்குடுக்கை கட்டி என்னை இறக்கியவர் சித்தப்பா. குடுக்கையை அவிழ்த்த பிறகு அவர் வைத்த தேர்வு, "அடிமண் எடுத்துக் காட்டு" என்பது. மூச்சை அடக்கி, கல்வரிசையைத் தடவிக்கொண்டே இறங்கி, காது வலிக்க வலிக்க ஒரு பிடி களிமண்ணோடு மேலே வருவேன். கையை விரித்துக் காட்டினால்தான் ஒப்புக்கொள்வார்.

இருண்ட நீரைக் கண்டு அஞ்சாத மனத்தை அந்தக் கிணறுதான் எனக்குத் தந்தது. நகரத்து நீச்சல் குளத்தில் கற்றவர்கள் தடுமாறும் இடத்தில் கிணற்றுக்காரர்கள் தடுமாறுவதில்லை. ஆனால் அதே கிணறு மூன்று பழக்கங்களையும் உடம்பில் ஊறவைத்துவிடுகிறது. மூன்றையும் விட்டாக வேண்டும்.

முதலாவது மூச்சடக்குவது. கிணற்றில் மேலே இழுத்த மூச்சோடு இறங்குகிறோம். ஆழத்தில் அந்தக் காற்று சுருங்கும், மேலே வந்தால் பழைய அளவுக்கே விரியும், ஆபத்தில்லை. ஸ்கூபாவில் ஆழத்திலேயே சிலிண்டரிலிருந்து காற்றை இழுக்கிறோம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நீர்மட்டத்தைப்போல இரண்டு மடங்கு. அங்கே நுரையீரல் நிறைய இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் காற்று இரண்டு மடங்காக விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். உயிரே போகும். ஸ்கூபாவில் மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது என்பதே முதல் விதி. கிணற்றுக்காரர்கள் இதை இரு மடங்கு கவனத்தோடு பழக வேண்டும். திடுக்கிட்டால் மூச்சைப் பிடிப்பதுதான் நம் உடம்பின் முதல் வேலை.

இரண்டாவது, காதுவலியைப் பொறுத்துக்கொண்டு இறங்குவது. வலி வரும் முன்பே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதின் உட்புற அழுத்தத்தைச் சமன் செய்ய வேண்டும். இறங்கத் தொடங்கிய ஒரு மீட்டரிலிருந்தே செய்யுங்கள். அடைத்துக்கொண்டால் சற்று மேலேறி மறுபடி முயலுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினால் செவிப்பறை கிழியும்.

மூன்றாவது பழக்கம்தான் பிளாக்வாட்டரில் உயிர்ப்பிரச்சினை. கிணற்றில் கைக்குச் சுவர் உண்டு, காலுக்கு மண் உண்டு. நடுக்கடலில் இரண்டும் இல்லை. நீங்கள் 12 மீட்டரில் இருக்கிறீர்களா, 25 மீட்டரில் இருக்கிறீர்களா என்று உடம்பு சொல்லாது. மேலேயும் கருப்பு, கீழேயும் கருப்பு. எனவே இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: நின்ற ஆழத்தில் நிற்கத் தெரியாதவர் பிளாக்வாட்டரில் இறங்கக் கூடாது.

அணைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரி அணையிலோ ஒகேனக்கல்லிலோ இதற்குப் பயிற்சி எடுக்கிறேன் என்று யாரும் இறங்க வேண்டாம். ஒகேனக்கல்லில் நீர்ச்சுழல்களும் பாறை இடுக்குகளும் நல்ல நீச்சல்காரர்களையே கொண்டுபோயிருக்கின்றன. காவிரியில் முதலையும் உண்டு. நீச்சல் பழக நல்ல நீச்சல் குளமோ, படியும் துணைக்கு ஆளும் உள்ள கிணறோ போதும்.

பயிற்சி

கடலுக்குப் போகும் முன் மருத்துவரைப் பாருங்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காதில் அறுவை சிகிச்சை, சைனஸ் தொல்லை ஆகியவற்றில் எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். பயிற்சி நிலையம் தரும் உடல்நலப் படிவத்தில் உண்மையை எழுதுங்கள். கருவுற்றிருப்பவர்கள் ஸ்கூபா செய்யக் கூடாது. சளி பிடித்திருந்தால் அன்றைக்கு இறங்கக் கூடாது. மாத்திரை போட்டு மூக்கைத் திறந்துகொண்டு இறங்கினால், மருந்தின் வேகம் குறையும்போது நீருக்கடியில் காது மாட்டிக்கொள்ளும்.

முதல் சான்றிதழ் 'ஓப்பன் வாட்டர்'. பேடி, எஸ்எஸ்ஐ போன்ற உலக அமைப்புகளின் பாடத்திட்டத்தில் நடத்துவார்கள். மூன்று நான்கு நாள் ஆகும். பேடி பாடத்திட்டத்தில் நிற்காமல் 200 மீட்டர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும். அதை முடித்தால் 18 மீட்டர் வரை இறங்கலாம். நமக்குக் கைக்கெட்டும் இடம் புதுச்சேரி. கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியே தேசிய நெடுஞ்சாலையிலேயே போய்விடலாம். தருமபுரிக்காரர்கள் அரூர் வழியாக ஊத்தங்கரையில் அந்தச் சாலையைப் பிடிக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களைத் தவிருங்கள். வடகிழக்குப் பருவமழையில் கிழக்குக் கடற்கரை நீர் கலங்கி, அலையும் பெரிதாக இருக்கும்.

அடுத்து 'அட்வான்ஸ்டு'. இதை அந்தமானில் முடிப்பது நல்லது. பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ விமானத்தில் ஸ்ரீ விஜயபுரம் (பழைய போர்ட் பிளேயர்) போய், அங்கிருந்து கப்பலில் ஸ்வராஜ் தீவுக்கு, அதாவது ஹேவ்லாக்குக்குப் போகலாம். இதில் ஐந்து டைவ். ஆழமும் திசையறிதலும் கட்டாயம்; மற்ற மூன்றில் மிதப்புக் கட்டுப்பாட்டையும் இரவு டைவையும் கேட்டு வாங்குங்கள்.

அதற்குப் பிறகு அவசரப்படாதீர்கள். பிளாக்வாட்டர் நடத்தும் நிலையங்கள் பல, அட்வான்ஸ்டு சான்றிதழும் இரவு டைவ் அனுபவமும் இருந்தால் ஏற்றுக்கொள்கின்றன. என்னைக் கேட்டால் மொத்தம் 50 டைவ், அதில் குறைந்தது பத்து இரவில் என்று சொல்வேன்.

நின்ற இடத்தில் நிற்பது

இதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். மிதப்பு என்பது மூச்சில் இருக்கிறது. மூச்சை இழுத்தால் மெல்ல ஏறுவீர்கள், விட்டால் இறங்குவீர்கள். இடுப்பில் ஈயக்கட்டி தேவைக்கு மேல் இருந்தால், அதைச் சரிக்கட்ட மிதவைச் சட்டையில் காற்றை அடைத்துக்கொண்டே இருக்க நேரும். அந்தக் காற்று சிறிது இறங்கினாலும் சுருங்கி உங்களை இன்னும் கீழே இழுக்கும். சிறிது ஏறினாலும் விரிந்து இன்னும் மேலே தூக்கும். ஆகவே ஈயத்தைச் சரியான அளவுக்குக் குறைப்பதே முதல் வேலை.

நான் பழகிய முறை இது. ஒவ்வொரு டைவின் முடிவிலும் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். கயிற்றைப் பிடிக்காமல், கையில் கட்டியிருக்கும், ஆழம் காட்டும் டைவ் கணினியை மட்டும் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். அரை மீட்டர்கூட மாறாமல் நிற்க முடிந்ததும், கணினியைப் பார்ப்பதை விட்டு, கட்டைவிரல் நகத்தை முகத்துக்கு முன்னால் வைத்து அதையே பாருங்கள். முப்பது நொடிக்கொருமுறை மட்டும் ஆழத்தைச் சரிபாருங்கள். பிளாக்வாட்டரில் செய்யப்போவது சரியாக இதையேதான். நகமளவு உயிரின்மேல் கண்ணை ஊன்றும்போதுதான் ஆழம் நழுவும்.

எனக்கு நழுவியது. என் முதல் பிளாக்வாட்டரில், பீப்பாய்போலக் குடைந்த ஜெல்லிக் கூட்டுக்குள் உட்கார்ந்து, கூட்டையே படகாக்கிக் காலால் செலுத்திப் போகும் ஓர் உயிரைக் கண்டேன். ஃப்ரோனிமா என்று பெயர். பெரிய கண்கள், உடல் தெளிந்த கண்ணாடி, கூட்டின் உட்சுவரில் அதன் குஞ்சுகள் வெள்ளை மணலாக ஒட்டியிருந்தன. தாய் அவற்றைச் சுமந்து போகிறது என்று புரிந்ததும் வேறெதுவும் நினைவில் நிற்கவில்லை. கையில் கணினி அலறியபோது 24 மீட்டரில் இருந்தேன். 12 மீட்டரில் தொடங்கியிருந்தேன். விளக்குகள் கட்டி இறக்கிய கயிறு தலைக்கு மேலே நட்சத்திரம்போலச் சிறுத்திருந்தது. வழிகாட்டி ஏற்கெனவே என்னை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தார். அன்று முதல் கணினியில் ஆழ எச்சரிக்கையை 16 மீட்டருக்கு வைத்துவிட்டுத்தான் படகேறுகிறேன். நீங்களும் வையுங்கள்.

எங்கே, எந்த இரவில்

அமெரிக்காவின் ஹவாய்த் தீவில் கோனா கடற்கரை இதற்குப் பேர்போனது. கரையிலிருந்து சில கிலோமீட்டர் போனாலே ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழம் வந்துவிடும். நமக்கு அருகில் என்றால் பிலிப்பைன்ஸின் அனிலாவ். மணிலாவிலிருந்து சாலைவழியே சில மணி நேரம். சிற்றுயிர்களை இனம்காணத் தெரிந்த வழிகாட்டிகள் அங்கே நிறைய இருக்கிறார்கள். புதியவருக்கு என் பரிந்துரை அதுதான்.

சில இடங்களில் 'பான்ஃபயர்' என்ற பெயரிலும் ஒன்று நடத்துவார்கள். கரையோரம் தரையில் விளக்குகளை ஊன்றி, வருபவற்றைப் பார்ப்பது. ஆழ்கடலிலிருந்து வருபவை குறைவு என்றாலும், காலுக்குக் கீழே மணல் இருக்கும். முதலில் அதை இரண்டு முறை செய்துவிட்டுப் பிளாக்வாட்டருக்குப் போவது நல்ல படி.

தேதியை நாட்காட்டியில் அமாவாசையை ஒட்டிப் பாருங்கள். நிலா வெளிச்சத்தில் பல உயிர்கள் ஆழத்திலேயே தங்கிவிடும். இருண்ட இரவில் மேலே துணிந்து வரும், நம் விளக்கும் தனித்துத் தெரியும்.

கருவிகள்

மாஸ்க், துடுப்பு, சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டர், மிதவைச் சட்டை ஆகியவை வாடகைக்குக் கிடைக்கும். மாஸ்க்கை மட்டும் சொந்தமாக வாங்குங்கள். முகத்துக்குப் பொருந்தாத மாஸ்க் இரவில் பெரும் தொல்லை. டைவ் கணினி சொந்தமாக இருந்தால் அதன் எண்கள் கண்ணுக்குப் பழகியிருக்கும். உடல் முழுதும் மூடும் வெட்சூட் கட்டாயம். குளிருக்காக மட்டுமல்ல, ஜெல்லி மீன்களின் கொடுக்கு இழைகள் மீட்டர்கணக்கில் நீளும், கண்ணுக்கும் தெரியாது.

டார்ச் இரண்டு வேண்டும்: கையில் ஒன்று, சட்டைப்பையில் ஒன்று. சிலிண்டரின் தலையில் ஒரு சிறு அடையாள விளக்கு. ஊதினால் எழுந்து நிற்கும் மிதவைக்குழாய், ஒரு விசில். கேமரா வேண்டாம், முதல் பத்து டைவுக்கு உங்கள் இரண்டு கையும் உங்களுக்கே வேண்டும்.

இறங்கும் இரவு

மாலையில் இட்லியோ கஞ்சியோ போல வயிற்றுக்கு இலகுவாகச் சாப்பிடுங்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு அலையில் மிதக்கும் படகு வயிற்றைக் கலக்கும். கடல்பயண மாத்திரை தேவைப்படுபவர்கள் மருத்துவரைக் கேட்டு, கரையில் ஒரு நாளாவது போட்டுப் பார்த்து, தூக்கம் வருகிறதா என்று அறிந்த பிறகே பயன்படுத்துங்கள். மது அன்று முழுக்கக் கூடாது.

நன்றாக இருட்டிய பின் படகு கிளம்பும். நீரோட்டம் பார்த்து நிறுத்தி, மிதவையில் கட்டிய கயிறு ஒன்றை இறக்குவார்கள். அதில் மேலிருந்து கீழாக இடைவெளி விட்டு விளக்குகள் கட்டியிருக்கும், நுனியில் எடை. இந்தக் கயிறு எதிலும் நங்கூரமிட்டதல்ல. மிதவை, கயிறு, நீங்கள், உயிர்கள், படகு என எல்லாமே ஒரே நீரோட்டத்தில் சேர்ந்து போகும். கோனாவில் ஒவ்வொருவரையும் படகோடு இணைத்த தனிக்கயிற்றில் கட்டி இறக்கும் வழக்கம் உண்டு. அனிலாவில் கட்டுவதில்லை, விளக்குக் கயிற்றைக் கண்ணால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

படகில் விளக்கம் சொல்லும்போது நான்கு கேள்விகளுக்கு விடை தெரியாமல் நீரில் குதிக்காதீர்கள். அதிகபட்ச ஆழம் எவ்வளவு? எத்தனை நிமிடம்? சிலிண்டரில் எத்தனை பார் (அழுத்த அலகு) காற்று மிச்சமிருக்கும்போது ஏற வேண்டும்? பிரிந்துபோனால் என்ன செய்வது? பொதுவாக 10 முதல் 20 மீட்டருக்குள் முடித்துக்கொள்வார்கள். முதல் இரவில் 12 மீட்டர் தாண்ட வேண்டாம்.

துணைவரோடு விளக்குச் சைகைகளை ஒருமுறை செய்து பாருங்கள். டார்ச்சால் வட்டமிட்டால் 'நலம்'. வேகமாக இப்படியும் அப்படியும் வீசினால் 'ஆபத்து, என்னைப் பார்'. முகத்தில் ஒளியடிக்காதீர்கள்.

கயிற்றை ஒட்டியே இறங்குங்கள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றையும் தேடாமல், நடுவிளக்கின் மட்டத்தில் நின்று மூச்சை ஒழுங்காக்குங்கள். தலை சுற்றுவதுபோல இருந்தால் கயிற்றைப் பாருங்கள், அல்லது உங்கள் குமிழிகளைப் பாருங்கள். அவை போகும் திசைதான் மேல். சிலருக்கு நெஞ்சு படபடக்கும். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். அப்படியும் அடங்காவிட்டால் கட்டைவிரலை மேலே காட்டி ஏறிவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நல்ல வழிகாட்டி யாரும் அதற்காக முகம் சுளிக்கமாட்டார்.

பிறகு டார்ச்சை மெல்லத் திருப்பி, நீரில் தூசுபோல மிதப்பவற்றில் அசைவு உள்ளதைத் தேடுங்கள். ஒளிக்கற்றையின் நடுவை விட ஓரத்தில்தான் பெரும்பாலும் தட்டுப்படும். கண்டதும் விரைந்து போகாதீர்கள். உங்கள் துடுப்பின் ஒரு வீச்சே ஜெல்லிச் சங்கிலியை அறுத்துவிடும். கை நீட்டித் தொடவே கூடாது. சில உயிர்கள் அவ்வளவு மென்மையானவை. விரல் பட்டாலே கிழிந்துவிடும்.

ஒருமுறை, வழிகாட்டியிடம் முன்பே சொல்லிவைத்து, டார்ச்சை நெஞ்சில் அழுத்தி ஒளியை மறைத்துக் கையை வீசிப் பாருங்கள். விரல்நுனியில் மின்மினிகள் கிளம்பும். ஆழத்து உயிர்கள் பேசும் மொழி பெரும்பாலும் அந்த ஒளிதான்.

நிமிடத்துக்கு ஒருமுறை மூன்றைப் பாருங்கள்: ஆழம், காற்று, கயிறு. கயிற்றின் ஒளி மங்கத் தொடங்கியதுமே திரும்பிவிடுங்கள். முற்றிலும் மறைந்துவிட்டால் ஒரு நிமிடத்துக்கு மேல் தேட வேண்டாம். நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்டாத வேகத்தில் ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, மேலே வந்து மிதவைச் சட்டையில் காற்றை நிரப்புங்கள். மிதவைக்குழாயை ஊதி நிறுத்தி, டார்ச்சை அதன்மேல் அடியுங்கள், விளக்குக்கம்பம்போல ஒளிரும். விசில் ஊதுங்கள். படகைத் தேடி நீந்தாதீர்கள். நீங்களும் படகும் ஒரே நீரோட்டத்தில்தான் போகிறீர்கள். அசையாமல் இருப்பவரைக் கண்டுபிடிப்பது எளிது.

ஊர் திரும்பும்போது

நம் மாவட்டத்தார் கவனிக்க வேண்டிய செய்தி இது. நீருக்கடியில் மூச்சிழுக்கும்போது நைட்ரஜன் உடலில் கரைகிறது. மேலே வந்த பின் அது மெல்ல வெளியேறும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால் குமிழியாகி மூட்டிலும் நரம்பிலும் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் ஒரே ஒரு டைவ் செய்தவர் 12 மணி நேரமும், பல டைவ் செய்தவர் 18 மணி நேரமும் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்கிறார்கள். உயரம் என்றால் விமானம் மட்டுமல்ல. ஓசூரும் தளியும் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர். ஏற்காடு 1500 மீட்டர். புதுச்சேரியில் டைவ் முடித்த கையோடு கார் ஏறி இரவே ஓசூர் வீட்டில் படுப்பவர்களையும், 'வழியில் ஏற்காடு பார்த்துவிடலாம்' என்று மலையேறுபவர்களையும் நான் தடுத்திருக்கிறேன். அதே 18 மணி நேரத்தை இங்கும் கடைப்பிடியுங்கள். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் 500 மீட்டரை ஒட்டியே இருக்கின்றன. ஆனாலும் ஓர் இரவு கடற்கரையில் தங்கிவிட்டு மறுநாள் கிளம்புவதே என் வழக்கம்.

மூட்டுவலி, தோலில் அரிப்போடு திட்டுகள், கைகால் மரத்துப்போதல், அளவுக்கு மீறிய சோர்வு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் பயணக் களைப்பு என்று தள்ளிவிடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போய், "ஸ்கூபா முடித்து இத்தனை மணி நேரம் ஆகிறது" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். உள்ளூர் மருத்துவர்கள் இத்தகைய நோயாளியைப் பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு. இதற்கு அழுத்தம் கூட்டிய அறையில் வைத்துத் தரும் சிகிச்சை எந்த ஊரில் கிடைக்கும் என்பதைப் பயிற்சி நிலையத்தில் முன்கூட்டியே கேட்டு, அங்குள்ள தொலைபேசி எண்ணை வீட்டாரிடமும் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.